மலைநாட்டில் எஸ்.யூ. காபரேட்டர்: டியூன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மொரிஸ் மைனரை வாங்கி, தாங்களே பழுதுபார்த்து ஓட்டுகிற பொடியன்கள் அடிக்கடி கராஜுக்கு வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அதிலிருக்கும் எஸ்.யூ. வகைக் காபரேட்டரில் (காற்றையும் பெற்றோலையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) கைவைத்ததும், நாங்கள் தொழில் பழகிய நாட்களில் விட்ட அதே பிழைகளை ஒன்று விடாமல் விடுகிறார்கள். அழுக்கு பெற்றோல், அடைத்த ஃபில்டர் போன்றவை எல்லோருக்கும் தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

காபரேட்டரில் தொடங்குவது

கடைசியில் தொட வேண்டியது அது. முதலில் டெப்பட் (வால்வு) இடைவெளி 0.012 அங்குலம், தீப்பொறி கொடுக்கும் பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், அப்புறம் தீப்பொறி விழும் நேரமான டைமிங். தீப்பொறி பிழையாக விழுகிற என்ஜினை எந்தக் கலவையும் திருத்தாது.

நுவரெலியாவுக்கென்றே லீனாக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். கொழும்பில் என்ஜின் இழுக்கும் காற்றில் ஆறில் ஒரு பங்கு இங்கே இல்லை. காற்று குறையும் அளவுக்குப் பெற்றோல் குறையாததால் கலவை ரிச்சாகிறது, அதாவது பெற்றோல் கூடிவிடுகிறது. பிளக் கறுக்கிறது, இழுவை மந்தமாகிறது. உடனே காபரேட்டரின் அடியில் ஜெட்டை (பெற்றோல் வரும் சிறு குழாய்) ஏற்றி இறக்கும் நட்டை மேலே ஏற்றி லீனாக்குகிறார்கள், அதாவது பெற்றோலைக் குறைக்கிறார்கள். ஐட்லிங் அழகாகிவிடும். ஆனால் இழுவை குறைந்ததற்குப் பெரிய காரணம் காற்றுதான். நட்டைத் திருகி அந்தக் காற்றைக் கொண்டுவர முடியாது.

இங்கேயே ஓடுகிற காருக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. கீழே இறங்கினால்தான் ஆபத்து. கொழும்பில் காற்று நிறைய, நட்டு மலையில் வைத்த இடத்திலேயே. இப்போது கலவை வேண்டியதைவிட லீன். லீன் கலவை மெதுவாக எரியும். எக்சோஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு தம்பி அப்படி டியூன் செய்த காரில் கொழும்புக்குக் கல்யாணத்துக்குப் போனார். திரும்பும்போது அவிசாவளையைத் தாண்டி, கித்துல்கலவிலிருந்து கினிகத்தேனை ஏற்றம். நாலு பேர், பெட்டிகள், மிதித்த மிதியில் அக்சிலரேட்டர். தட்டுச் சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. ஹட்டனுக்கு வரும்போது மூன்று சிலிண்டரில்தான் ஓடியது. ஹெட்டைக் கழற்றினால், ஒரு எக்சோஸ்ட் வால்வின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம். சுற்றிலும் சாம்பல் வெள்ளை. வால்வு, சீட் வேலை, கேஸ்கட், பாகங்களுக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு அலைச்சல். “பழைய கார் என்றால் இப்படித்தான் அண்ணே” என்றார். பழைய காருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

கொழும்புக்குப் போய்வருகிற கார் என்றால் கீழேயே டியூன் செய்யுங்கள். மேலே கொஞ்சம் ரிச்சாக ஓடட்டும், பெற்றோல்தான் கூடச் செலவாகும். இங்கே நட்டைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், பழைய இடத்தில் பெயின்ட் புள்ளி வையுங்கள். அறுகோண நட்டின் எத்தனை முகம் திருப்பினீர்கள் என்று எழுதிக்கொண்டு, இறங்கும் முன் அத்தனையையும் திருப்பி விடுங்கள்.

சோதிக்கும் முறை இது: என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, காபரேட்டரின் பக்கத்திலுள்ள தூக்கும் பின்னால் அதன் உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். ஓட்டம் ஒரு கணம் கூடி அடங்கினால் சரி. கூடியபடியே இருந்தால் ரிச். அணையப் பார்த்தால் லீன்.

சோக் முழுதாகத் திரும்பாமல் டியூன் செய்வது

எஸ்.யூ.வில் சோக் இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும். கேபிள் இறுகி ஜெட் பாதியில் நின்றிருந்தால் நீங்கள் திருகுவதெல்லாம் வீண். குளிர்காலை வேளையில் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

டேஷ்பொட்டில் கியர் ஒயில்

டேஷ்பொட் என்பது காபரேட்டர் பிஸ்டனுக்கு மேலே ஒயில் ஊற்றும் இடம். அதில் கியர் ஒயில் வேண்டாம். 20 கிரேட் என்ஜின் ஒயில் போதும்.

தேய்ந்த ஸ்பின்டிலை நட்டால் மறைப்பது

த்ரோட்டில் ஸ்பின்டில் (அக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு) ஆடினால் அந்த இடைவெளியால் காற்று உள்ளே போகும். ஐட்லிங் தடுமாறும். நட்டை இறக்கி ரிச்சாக்கினால் அது அடங்கும். ஆனால் ஓட்டத்தில் பெற்றோலைக் குடிக்கும். விரலால் ஸ்பின்டிலை அசைத்துப் பாருங்கள். ஆடினால் புஷ் (தண்டு சுழலும் துளைக்குள் இடும் வளையம்) போட்ட பிறகுதான் நட்டைத் தொட வேண்டும்.