டெல்டா அலுவலகங்களுக்கு ஏற்ற ஏஐ கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ரைஸ் மில் அலுவலகம், உரக்கடை, ஆடிட்டர் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், பள்ளி அலுவலகம் என எங்கு சென்றாலும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கருவிகளில் சாட்ஜிபிடி நல்லதா, ஜெமினி நல்லதா, கோபைலட்டுக்குப் பணம் கட்டலாமா? இதற்கு விடை காண்பதற்கு முன், உங்கள் மேசைக்கு வரும் வேலைகளில் எவற்றை இந்தக் கருவிகளிடம் கொடுப்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்குச் சாதாரண நோட்டு ஒன்றில், திரும்பத் திரும்ப வரும் வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தையும் எழுதி வாருங்கள். பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும், அதை வேறொருவர் செய்து கொடுத்தால் சரிபார்க்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா அளவுகோல்களுக்கும் மேலாக நான் வைப்பது இந்த இரண்டாவது கணக்கைத்தான். அரிசி வாங்கிய வியாபாரிக்குப் பாக்கியை நினைவூட்டிக் கடிதம் எழுதக் கால் மணி நேரம் ஆகலாம்; கருவி எழுதித் தந்த கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆகவே அந்த வேலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். அன்றைய எடைச்சீட்டுகளைக் கூட்டும் வேலை அப்படிப்பட்டதன்று. கருவி சொன்ன கூட்டுத்தொகையை நம்ப வேண்டுமானால் ஒவ்வொரு சீட்டையும் நீங்களே மறுபடி பார்த்தாக வேண்டும் என்னும்போது, அதில் மிச்சமாகும் நேரம் எதுவும் இல்லை.

கருவியைச் சோதிக்கத் தொடங்கும் முன் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. தமிழ்நாடு அரசு எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடை 2010ஆம் ஆண்டிலேயே தரமாக ஏற்றுக்கொண்டது என்றாலும், நம் அலுவலகக் கணினிகளில் கிடக்கும் பழைய கடிதங்களும் தீர்மான நகல்களும் பெரும்பாலும் யூனிகோடு அல்லாத வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. திரையில் அழகான தமிழாகத் தெரியும் அத்தகைய கடிதத்தை நகலெடுத்து ஏஐ கருவியின் பெட்டியில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளாகவே அது போய்ச் சேரும். மோசமானது என்னவென்றால், சில கருவிகள் அதைப் படிக்க முடியவில்லை என்று சொல்லாமல், ஊகித்து ஒரு சுருக்கத்தையும் எழுதித் தந்துவிடும். எனவே பழைய கோப்புகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒகர, ஓகார எழுத்துகள் சிதையாமல் வந்திருக்கின்றனவா என்று ஒரு பக்கத்தையாவது படித்துப் பார்த்த பிறகே கொடுங்கள்.

சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது, ஏற்கெனவே நீங்கள் செய்து முடித்த வேலை. விடை கையில் இருந்தால்தான் கருவி எங்கே தவறுகிறது என்பது தெரியும். வாய்க்கால் தூர்வாரக் கோரி நீர்வளத்துறை அலுவலகத்துக்குச் சென்ற ஆண்டு எழுதிய கடிதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விவரங்களை மட்டும் கொடுத்து, புதிதாகக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசை சரியாக வருகிறதா என்று பாருங்கள்; அதைவிட முக்கியமாகப் பார்வைப் பகுதியைப் பாருங்கள். நீங்கள் எந்த எண்ணும் தராத நிலையில், அங்கே ஓர் அரசாணை எண்ணும் தேதியும் தானாக முளைத்திருந்தால், அந்தக் கருவி இல்லாததை இருப்பதாக எழுதக்கூடியது என்று கொள்ள வேண்டும். உடனே அதை ஒதுக்க வேண்டியதில்லை. “நான் தராத எண், தேதி, பெயர் எதையும் சேர்க்காதே, தெரியாத இடத்தைக் கோடிட்டு விடு” என்று கட்டளையிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் எண்கள் முளைத்தால் அந்தக் கருவி அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது.

நம் பக்கத்து விவரங்களையும் கேட்டுப் பாருங்கள். ஐந்து மா நிலம் எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். டெல்டா வழக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஆகவே விடை ஒன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். இந்த அளவுகள் ஊருக்கு ஊர் மாறுபடுவதால், எந்த வழக்கைப் பின்பற்றுவது என்று திருப்பிக் கேட்கும் கருவி, சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லும் கருவியைவிட நம்பத்தகுந்தது. முகவரிப் பட்டியலைச் சீர்செய்யச் சொல்லும்போது, தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தைத் திருநெல்வேலி மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடுகிறதா என்று கவனியுங்கள். ரைஸ் மில்காரர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி அரிசிச் சிப்பத்துக்கான ஜிஎஸ்டி: 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி, அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்கு வரி இல்லை என்று வந்ததும், அதனால் 26 கிலோச் சிப்பங்கள் பெருகியதும் நமக்குத் தெரியும். இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லாத கருவியிடம் வரி பற்றிய எந்த விடையையும் வாங்கி, ஆடிட்டரிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

எண்களைப் பொறுத்தவரை நான் கடைப்பிடிக்கும் முறை இது. கையால் எழுதிய நெல் வரவுப் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்து, அட்டவணையாக மாற்றித் தரும்படி மட்டும் கேட்கிறேன், கூட்டச் சொல்வதில்லை. அந்த அட்டவணையை எக்செலில் ஒட்டி, அங்கே உள்ள கூட்டல் சூத்திரத்தால் மூட்டைகளின் எண்ணிக்கையையும் எடையையும் கூட்டி, பதிவேட்டின் அடியில் கணக்கர் எழுதி வைத்த தொகையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றானால் வேலை ஏறக்குறைய முடிந்தது. வித்தியாசம் வந்தால் கையெழுத்தில் ஒன்றுபோல் தோன்றும் 1, 7 ஆகியவை உள்ள வரிகளை முதலில் பாருங்கள். அச்சடித்த தமிழை இக்கருவிகள் ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. வேகமாக எழுதிய தமிழ்க் கையெழுத்தில், குறிப்பாக ஊர்ப்பெயர்களில், இன்னும் தடுமாறுகின்றன.

எந்த வேலைக்கு எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிமெயிலும் கூகுள் டிரைவும் புழங்கும் அலுவலகத்துக்கு ஜெமினியும், வேர்டு, எக்செல் நிறைந்த அலுவலகத்துக்குக் கோபைலட்டும் பழகுவதற்கு எளிது. கடித வரைவுக்கும் நீண்ட ஆங்கிலச் சுற்றறிக்கையின் சாரத்தை எழுதவும் சாட்ஜிபிடி, கிளாட் இரண்டையும் ஒரே தாளைக் கொடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சங்கத்தின் துணைவிதிகள், சுற்றறிக்கைகள் போன்ற குறிப்பிட்ட ஆவணங்களுக்குள் தேடி விடை சொல்லக் கூகுளின் நோட்புக்எல்எம் பொருத்தமானது. விடையோடு அது எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்பதையும் காட்டுவதால், சரிபார்க்கும் நேரம் வெகுவாகக் குறைகிறது. மொழிபெயர்ப்புக்கு மத்திய அரசின் பாஷினியையும் முயன்று பார்க்கலாம். தட்டச்சு வராதவர்களுக்கு, கைபேசியில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் உள்ள தமிழ்க் குரல் தட்டச்சு ஒன்றே பாதிச் சுமையைக் குறைத்துவிடும்.

விவரப் பாதுகாப்பில் தயவுதாட்சண்யம் காட்டக் கூடாது. உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நகைக்கடன் பட்டியல், மாணவர்களின் சாதிச் சான்று ஆகியவற்றை இலவசக் கணக்கு எதிலும் ஏற்ற வேண்டாம். நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விவசாயியின் விவரம் அது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்தப் பொறுப்பை நம் மீது வைக்கிறது. மத்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. பெயர்களுக்குப் பதிலாக ‘உறுப்பினர் 1’, ‘உறுப்பினர் 2’ என்று மாற்றிக் கொடுத்தாலே பெரும்பாலான வேலை நடந்துவிடும். நீங்கள் தருவதைக் கொண்டு கருவியைப் பயிற்றுவிக்கும் வசதியை அமைப்புகளுக்குள் சென்று நிறுத்திவையுங்கள். அரசு அலுவலகமானாலும் கூட்டுறவு நிறுவனமானாலும், மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.

சோதனையை எப்போது வைத்துக்கொள்வது என்பதும் நம் ஊரில் முக்கியம். சம்பா அறுவடையும் கொள்முதலும் நெருக்கும் தை, மாசியில் புதுக் கருவியை நுழைத்தால் ஊழியர்கள் அதை வெறுத்துவிடுவார்கள். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12க்கு முந்தைய கோடை வாரங்கள் இதற்கு ஏற்றவை. ஆடிட்டர் அலுவலகமானால், மாதந்தோறும் ஜிஎஸ்டி படிவங்களுக்குக் கடைசி நாளாக வரும் 11, 20ஆம் தேதிகள் கழிந்த பிறகு தொடங்குங்கள். முதல் மாதம் இலவசக் கணக்கே போதும்; ஆங்கிலத்தைவிடத் தமிழ் உரைக்குப் பல கருவிகளில் கூடுதல் அளவு செலவாவதால், இலவச வரம்பு எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகிறது என்பதைக் குறித்து வாருங்கள். வேலை நேரத்துக்குள் அடிக்கடி தீர்ந்துபோனால் மட்டும் ஒரே ஒரு கணக்குக்கு மாதச் சந்தா கட்டுங்கள். தள்ளுபடி என்று சொன்னாலும் ஆண்டுச் சந்தா வேண்டாம். வெளியே போகும் ஒவ்வொரு தாளையும் யார் சரிபார்த்தார்கள் என்று அலுவலக நகலில் சுருக்கொப்பமும் தேதியும் இடும் வழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்கிவிடுங்கள்.