லோ கார்ப் புத்தகம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் புட்டும் ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்), மதியம் சம்பா அரிசிச் சோறு, சாயங்காலம் கட்டன் சாயாவோடு மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் பல வீடுகளில் இதுதான் சாப்பாடு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை கூடி வந்து, மாவுச்சத்தைக் குறைக்கும் லோ கார்ப் உணவுக்கு மாறலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், தட்டில் முக்கால்வாசியை மாற்றியாக வேண்டும். துணைக்கு ஒரு புத்தகம் இருந்தால் நல்லது என்று தோன்றுவது நியாயம்தான்.

நான் இந்த உணவுமுறையில் பல வருஷமாக இருக்கிறேன். என் அலமாரிப் புத்தகங்கள் ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை வாங்கிப் போகிறவர்களும், கடையில் வாங்கிவந்து என்னிடம் காட்டுகிறவர்களும், ஆரம்பத்தில் நான் போய் முட்டிய அதே சுவரில்தான் முட்டுகிறார்கள். ‘பத்தே நாளில் பத்து கிலோ’ என்று அட்டையில் போட்டதை வாங்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

முதல் புத்தகமே சமையல் புத்தகமாக இருப்பது

படங்கள் பளபளப்பாக இருக்கும், அதில்தான் விழுந்துவிடுகிறோம். வெளிநாட்டுப் புத்தகமென்றால் பாதாம் மாவு, எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று, அவகாடோ, எல்லாவற்றுக்கும் மேலாக ஓவன். ஒரு கப் என்றால் அங்கே 240 மில்லி. நம் வீட்டுத் தம்ளர் எவ்வளவு கொள்ளும் என்று யார் அளந்து பார்த்தார்கள்? ரொட்டி இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்காக, ரொட்டி மாதிரியே ஒன்றைச் செய்யச் சொல்லித்தரும் புத்தகங்கள் அவை. நமக்கு அந்தச் செலவு எதற்கு? சாளை, அயிலை, நெத்திலி மீன்களில் மாவுச்சத்து கிடையாது. ஒரு முட்டையில் ஒரு கிராம்கூட வராது. தேங்காய் அரைத்த மீன்கறியும் முருங்கையிலைத் துவரனும் ஏற்கெனவே அடுப்பில் இருக்கின்றன. சோற்றையும் கிழங்கையும் எடுத்துவிட்டு இவற்றைக் கூட்டிக்கொண்டால் முதல் மாதம் ஓடிவிடும். சமையல் புத்தகமெல்லாம் அப்புறம், நாக்கு அலுக்கும்போது.

அட்டவணை எதை எடைபோட்டது என்று பார்க்காமல் வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சோற்றை நிறுத்தி மாதக்கணக்காகியும் சர்க்கரை இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியும் இருந்தது. என்ன சார் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “சோறு தொடுறதே இல்ல. ராத்திரி கெழங்கும் மீனும்தான்” என்றார். கையோடு புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். கடைசிப் பக்கத்து அட்டவணையில் இரண்டு வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு. 100 கிராமில் மாவுச்சத்து: அரிசி 78, மரச்சீனி 38. “பாதிக்குப் பாதி குறையுதுல்லா?” இத்தனைக்கும் அவர் கணக்கு வாத்தியார்.

இரண்டு எண்ணும் சரியானவைதான். ஆனால் 78 என்பது அரிசிக்கு, சோற்றுக்கு அல்ல. உலர்ந்த அரிசி உலையில் தண்ணீர் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு எடை கூடிவிடும். வெந்த சோற்றை 100 கிராம் எடுத்தால் மாவுச்சத்து 28 கிராம் அளவில்தான் இருக்கும். மரச்சீனி அப்படியல்ல. மண்ணிலிருந்து பிடுங்கும்போதே அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், வேகும்போது அரிசியைப் போல ஊதுவதும் இல்லை. அதனால் அந்த 38 பெரிதாக இறங்காது. தட்டில் 300 கிராம் சோறு போட்டால் மாவுச்சத்து 84 கிராம். அதே எடைக்குக் கிழங்கு போட்டால் நூறைத் தொட்டுவிடும். சார் சோற்றை விட்டுவிட்டு, சோற்றைவிடக் கனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

யோசித்தால் ஆச்சரியமும் இல்லை. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பியதும், இரண்டாம் உலகப்போரின்போது பர்மா அரிசி வராமல் நின்று ஊரே இதைத் தின்று பிழைத்ததும், அரிசியின் இடத்தில் நின்று வயிற்றை நிரப்பும் மாவு இதில் இருந்ததால்தானே.

வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். அட்டவணையின் தலைப்பில் ‘சமைக்காதது’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அவருக்கு இந்த நிலை வந்திருக்காது. நான் பார்த்த தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் அந்த ஒரு சொல் இல்லை, எண்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்றும் இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971இல் ஒரு பெரிய அட்டவணை வெளியிட்டது. 2017இல் 528 உணவுப்பொருள்களைப் புதிதாக ஆய்ந்து இன்னொன்றும் வெளியிட்டது. பழையதில் நார்ச்சத்தின் ஒரு பகுதிதான் கழிந்திருக்கும், மீதி மாவுச்சத்துக் கணக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். புதியதில் நார்ச்சத்தை முழுதாக அளந்து தனியாகத் தந்திருக்கிறார்கள். இரண்டிலும் பெரும்பாலும் சமைக்காத பொருள்களுக்குத்தான் கணக்கு. எதிலிருந்து எடுத்தது என்று சொல்லாத அட்டவணையை வைத்துக்கொண்டு கிராம் கிராமாகக் கூட்டுவதில் அர்த்தமே இல்லை.

கடையில் நின்றபடியே இதைப் பார்த்துவிடலாம். கடைசிப் பக்கங்களைத் திருப்பி அரிசி வரியைத் தேடுங்கள். 78க்குப் பக்கத்தில் எண் இருந்தால் சமைக்காத அரிசியின் கணக்கு, 28க்குப் பக்கத்தில் இருந்தால் சோற்றின் கணக்கு. இரண்டையும் தனித்தனி வரியாகப் போட்டிருக்கிறாரா? அந்தப் புத்தகத்தை எழுதியவர் சமையலறைக்குள் போய்ப் பார்த்தவர், வாங்குங்கள். அரிசி 78 என்று போட்டுவிட்டு, கீழேயே இட்லியையும் சோற்றையும் வெந்த கணக்கில் கலந்து போட்டிருந்தால் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் புத்தகமென்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்கக் கணக்கில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடக்கம், நாம்தான் கழிக்க வேண்டும். பிரிட்டனில் கழித்தபிறகுதான் எண்ணைப் போடுகிறார்கள். தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பச்சைத் தேங்காயில் அமெரிக்கக் கணக்குப்படி 15 கிராம், அதில் 9 நார்ச்சத்து, மிச்சம் 6. பிரிட்டன் புத்தகத்தில் இப்படிக் கழித்தபிறகு வரும் எண்தான் இருக்கும். அதிலிருந்து மறுபடி நார்ச்சத்தைக் கழித்தால் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். தேங்காய்க்கு மாவுச்சத்தே கிடையாது என்று என்னிடம் அடித்துச் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

மருந்தைப் பற்றிப் பேசாத புத்தகத்தை, மருந்து சாப்பிடுகிறவர் வாங்குவது

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவர் சோற்றைச் சட்டென்று நிறுத்தினால், பழைய அளவு மருந்தே சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையில் இருப்பவர்களுக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை அவ்வளவு ஏறாமலே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் கூடிவிடக்கூடும். முதல் வாரத்தில் சிறுநீர் அதிகம் போய் உப்பும் கூடவே வெளியேறுவதால், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலைசுற்றும். இவற்றுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்காத புத்தகம் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு எழுதியது. ஒதுக்கியிருந்தாலும், அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டி அளவை மாற்றிக்கொண்டபிறகுதான் தொடங்க வேண்டும்.

இந்த விஷயத்தை விரிவாக எழுதியவர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன். 12 வயதிலேயே முதல்வகை நீரிழிவு வந்தவர், இன்ஜினியராக இருந்து நடுவயதில் மருத்துவம் படித்தவர். 1997இல் வந்த அவர் புத்தகத்தில் காலை 6 கிராம், மதியம் 12, இரவு 12 என்பதுதான் மாவுச்சத்து அளவு. சாப்பாட்டையும் இன்சுலினையும் எப்படிச் சேர்த்துக் கணக்கிடுவது என்பதற்காக அதை வாசிக்கலாம். எடை குறைக்க மட்டும் வருகிறவர்களுக்கு அவ்வளவு கறார் தேவையில்லை.

ஒரே நேரத்தில் மூன்று புத்தகம்

அமெரிக்க டாக்டர் அட்கின்ஸின் முறையில் தொடக்கத்தில் நாளைக்கு 20 கிராம் மாவுச்சத்து. இன்னொருவர் 100 வரை விடுவார், சேர்த்து வாசித்தால் குழப்பம்தான். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

‘புதிய கண்டுபிடிப்பு’ என்று அட்டையில் போட்டதை நம்புவது

லண்டனில் சவ அடக்க ஏற்பாட்டுத் தொழில் செய்த வில்லியம் பான்டிங், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை எல்லாம் விட்டு எடை குறைந்த கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்டது 1863இல்.

புத்தகம் எழுதியவரே பொடியும் விற்றால்

வேண்டாம்.

மலையாளப் புத்தகங்களை மறந்துவிடுவது

கேரள எல்லையோரத்தில் இருந்துகொண்டு அமெரிக்கப் புத்தகத்துக்குக் காத்திருக்கிறோம். பாறசாலைக்கு அந்தப் பக்கம் சாப்பிடுவதும் நாம் சாப்பிடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். மலையாளப் புத்தகத்தில் சக்கையும் (பலா) ஏத்தனும் தேங்காய்ப்பாலும் இருக்கும், காலே கீரைக்கு எங்கே போவது என்று திண்டாட வேண்டாம். பச்சைச் சக்கை எவ்வளவு தின்றாலும் ஒன்றும் செய்யாது என்பதுபோல எழுதியிருந்தால் மட்டும் அந்தப் புத்தகத்தைத் தள்ளிவையுங்கள். மலையாளம் வாசிக்க வராவிட்டால், வீட்டிலோ பக்கத்திலோ அந்தக் காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பெரியவர் யாராவது இருப்பார். அட்டவணைப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கப்பை (நம் மரச்சீனிதான்) என்ற வரி வரும்போது, பச்சையா வேகவைத்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.