வீடு பார்க்க ஆள் வருவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டை விற்கப் போகிறவர் செய்யும் முதல் தவறு, தன் வீட்டுக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வது. வருஷக்கணக்காகச் சொட்டும் குழாயின் சத்தம் நம் காதில் விழாது. படுக்கையறைக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும் என்பது கைக்குப் பழகிப் போயிருக்கும். புதிதாக வருகிறவருக்கு இந்த இரண்டும்தான் முதலில் தெரியும். அதனால் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்பே, அடிக்கடி வந்து பழகாத, முகத்துக்கு நேராகச் சொல்லத் தயங்காத ஒருவரை அழைத்து வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். அது அத்தனை சுலபமில்லை!

வாசனை விஷயத்தில் நம் மூக்கை நம்பவே முடியாது. ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்குக்கு அது உறைக்காமல் போய்விடும். நாய் படுக்கும் மூலை, உலராத துணி, சிகரெட் எல்லாமே வெளியாளுக்கு வாசலிலேயே தெரியும். இதற்கு ரூம் ஸ்பிரே அடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. வாசனை தூக்கலாக இருந்தாலே, ‘எதையோ மறைக்கிறார்கள்’ என்ற சந்தேகம் வந்துவிடும். புழங்காத குளியலறையில் சாக்கடை நாற்றம் வந்தால், பெரும்பாலும் தரைத்துளைக்குக் கீழே குழாயின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். அந்தத் தண்ணீர்தான் கழிவுக்குழாயின் காற்றை மேலே வராமல் தடுக்கிறது. இரண்டு குவளை தண்ணீர் ஊற்றினாலே போதும்.

பணமும் மானமும் சேர்ந்து போகிற தவறு ஒன்று உண்டு. ஓதம் ஏறிய சுவருக்கு அவசரமாகப் பெயிண்ட் அடிப்பது. சுவருக்குள் இருக்கும் ஈரம், அங்குள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அதுதான் வெள்ளையாகப் பூத்து, பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்: உள்ளே ஓடும் குழாயா, மொட்டைமாடியா, வெளிச்சுவர் விரிசலா? அதைச் சரிசெய்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் பட்டியும் (சுவரைச் சமன்படுத்தப் பூசும் மாவு) பெயிண்டும். காய்வதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் சுவரை அப்படியே விட்டு, காரணத்தையும் ஆகக்கூடிய செலவையும் சொல்லிவிடுவது மேல். ஓதத்தை ஒப்புக்கொண்டால் விலையில் கொஞ்சம் குறையலாம். ஒரே ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தால், விவரம் தெரிந்தவர் மற்ற சுவர்களையும் சந்தேகப்படுவார். தெரிந்தே மறைத்த குறைக்காக விற்றவர்மேல் வழக்குப் போடப் பல நாடுகளின் சட்டத்தில் இடமும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, விற்கப் போகிற வீட்டில் சமையலறையையே இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஆசையாகப் போட்ட டைல்ஸை வாங்குகிறவர் முதல் மாதமே பெயர்த்துவிடலாம். அந்தப் பணத்தில் சிறு பங்கைக் குழாய் வாஷர், கதவுக் கீல், உடைந்த சுவிட்ச், கறுத்துப்போன டைல்ஸ் இடுக்கு ஆகியவற்றுக்குச் செலவிடலாம். விளக்குகளையும் பாருங்கள். ஒரே அறையில் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பும் 6500 கெல்வின் வெள்ளை பல்பும் எரிந்தால் புதுச் சுவர்கூட அழுக்காகத் தெரியும்.

சரி, சாமான்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் அலமாரியில் திணிக்காதீர்கள். வருகிறவர்கள் அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள். பிதுங்கி வழிந்தால், ‘இந்த வீட்டில் இடம் போதாது’ என்றுதான் நினைப்பார்கள். மொத்தமாகக் காலி செய்வதும் உதவாது. வெற்று அறையில் கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா என்பது பலருக்குக் கண்ணால் பார்த்துப் பிடிபடாது. நகை, மருந்து, உதிரிச் சாவி, கணக்கு எண் உள்ள காகிதங்கள் ஆகியவற்றை மட்டும் முதலிலேயே வெளியே அனுப்பிவிடுங்கள்.

படம் எடுப்பதிலும் ஒரு வார்த்தை. அகலக்கோண லென்ஸ் சின்ன அறையைக் கூடமாகக் காட்டும். அதை நம்பி வருகிறவர் வாசலிலேயே ஏமாந்துபோவார். பகலில், திரைச்சீலையை விலக்கி, உள்ளது உள்ளபடி எடுங்கள்.

ஆள் வந்த பிறகு அறை அறையாகப் பின்னாலேயே போய்ப் பெருமை பேச வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நின்றால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆவணங்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்துவிட்டு ஒதுங்கி இருங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள். இரண்டாம் முறை வந்து குழாய்களை எல்லாம் ஒன்றாகத் திறந்து, சுவரைத் தட்டிப் பார்த்தால் எரிச்சல்படாதீர்கள். வாங்கும் எண்ணம் இல்லாதவர் அவ்வளவு மெனக்கெட மாட்டார்.