ஊர்ப் பாலம் விழுந்துவிட்டதா? முதல் பத்து நாளில் செய்ய வேண்டியவை

பாலம் போயிடுச்சு என்று சத்தம் கேட்டதும் ஊரே கரைக்கு ஓடும். பாதிப் பேர் அரித்துப்போன கரை விளிம்பில் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பார்கள், மீதிப் பேர் எவன் எத்தனை பர்சென்ட் அடித்தான் என்று பேச ஆரம்பிப்பார்கள், அதே நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து விஷயமே தெரியாமல் ஒரு பைக் வந்துகொண்டிருக்கும். முதல் வேலை அந்த பைக்கை நிறுத்துவதுதான். குஜராத்தில் வதோதரா பக்கம் மஹி ஆற்றின் மேலிருந்த கம்பீரா பாலம் 2025 ஜூலை 9 காலையில் உடைந்தபோது லாரி, வேன் என்று வண்டிகளோடு ஜனங்கள் ஆற்றுக்குள் விழுந்தார்கள், இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

போலீஸ் பேரிகார்டு வரும்வரை காத்திருக்காதீர்கள். கருவேல முள்ளை வெட்டி ரோட்டின் குறுக்கே இழுத்துப் போடுங்கள், டிராக்டர் இருந்தால் குறுக்கே நிறுத்துங்கள், இரவு என்றால் இண்டிகேட்டரை எரியவிடுங்கள். அக்கரை ஊரில் சொந்தக்காரர் யாராவது இருப்பார், அவருக்குப் போன் போட்டு அந்தப் பக்கமும் இதையே செய்யச் சொல்லுங்கள். இரண்டு பையன்களைப் பாலத்தடியில் இல்லாமல் முன்னாலேயே, ரோடு பிரிகிற இடத்தில் நிறுத்துங்கள். பஸ் அங்கேயே திரும்பிவிடும்.

அடுத்து போன். 112, 108, அப்புறம் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை 1077. ஊர்ப் பெயரோடு எந்தக் கரை என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் அடிபட்டவர் இந்தக் கரையில் கிடக்க ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் வந்து நின்றால் சுற்றி வர ஒரு மணி நேரம் ஆகும். மிச்சம் நிற்கிற பாலத்தின் மேல் யாரும் ஏறக் கூடாது, நடந்தும் போகக் கூடாது. திருச்சியில் 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் விழுந்தன. பக்கத்தில் புதுப் பாலம் வந்து, பழையதில் வண்டிகளை முன்பே நிறுத்தியிருந்ததால் பெரிய சாவு இல்லை.

சரி, இப்போது போனைத் தூக்கலாம். ஆனால் ரீல்ஸுக்கு எடுக்கிற மாதிரி எடுத்தால் பிரயோஜனம் இல்லை. வெள்ளம் பெரும்பாலும் பாலத்தை மேலிருந்து தள்ளுவதில்லை. தூணைச் சுற்றிச் சுழன்று அடிமணலைத் தோண்டுகிறது, அஸ்திவாரம் பிடிமானம் இழந்து சாய்கிறது. வேகம் குறைந்ததும் அதே தண்ணீர் அந்தக் குழியில் மணலை நிரப்பிவிடும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் குழி இருந்த தடமே இருக்காது, அதற்குள் ஜேசிபி வந்து இடிபாட்டையும் அள்ளியிருக்கும். அதனால் பத்திரமான இடத்தில் நின்று, ஒரே இடத்திலிருந்து, தினமும் எடுங்கள். சாய்ந்த தூண், வெளியே தெரியும் கம்பி, உடைந்த கான்கிரீட்டின் உள்பக்கம், அணுகுசாலை அறுந்த இடம், எல்லாம் வேண்டும். அளவு தெரிய ஒரு மண்வெட்டியையோ சைக்கிளையோ பக்கத்தில் வையுங்கள்.

ஒரு வேலையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வெள்ளம் ஏறிய மட்டத்தைக் கோயில் சுவரிலோ வீட்டுச் சுவரிலோ பெயின்ட்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஏன் என்றால், பின்னால் நடக்கும் வாக்குவாதம் முழுக்க அந்தக் கோட்டைப் பற்றித்தான். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையில் ஏறக்குறைய 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம் 2024 செப்டம்பரில் திறந்து, டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையோடு போய்விட்டது. மூணே மாசம்! மீம் பறந்தது, ஜனங்கள் கொதித்தார்கள். சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள், பாலம் அவ்வளவுக்கு வடிவமைத்ததே இல்லை என்பது அரசுத் தரப்பு பதில். அந்த பதிலை அப்படியே நம்பவும் வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம். எத்தனை கன அடிக்கு வடிவமைத்தார்கள், மேலே அணை இருக்கும் ஆற்றில் ஏன் அந்த எண், அதைக் கேளுங்கள். மீம் கேட்காத கேள்வி இது.

கேட்க வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். முதலில் பாலம் யாருடையது என்று விசாரியுங்கள், நெடுஞ்சாலைத் துறையா, ஊரக வளர்ச்சியா, ரயில்வேயா. மனுவில் "ஏன் விழுந்தது" என்று எழுதினால் பதில் வராது. வடிவமைப்பு வெள்ள அளவு, கடைசி ஆய்வு அறிக்கையின் நகல், மண் பரிசோதனை அறிக்கை, ஒப்பந்தக்காரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுது வந்தால் அவரே சரிசெய்ய வேண்டிய காலம்) எந்தத் தேதிவரை, இப்படி ஆவணமாகக் கேளுங்கள். இதே சட்டத்தில் வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியை வாங்கவும் உரிமை உண்டு. அதாவது அந்த கான்கிரீட்டையே கேட்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது.

இதற்கு நடுவில் அன்றாடப்பாடு. ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள்: எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பிள்ளைகள் அக்கரை போகிறார்கள், மாதம் நெருங்கிய கர்ப்பிணிகள் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், பால் வண்டி எங்கே வரும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் "பாலம் வேண்டும்" என்று ஒரே மனு கொடுக்காதீர்கள். பஸ் சுற்றுவழிக்கு ஒன்று, தற்காலிகப் பாதைக்கு ஒன்று, நிரந்தரப் பாலத்துக்கு ஒன்று, தனித்தனியாகக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். உயிர்ச்சேதம் நடந்திருந்தால் எஃப்ஐஆர் நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், நிவாரணத்துக்கு முதலில் கேட்பது அவைதான்.

மறியல் செய்யலாமா? கோபம் நியாயம்தான். ஆனால் கேஸ் விழுந்தால் ஸ்டேஷனுக்கு அலைவது நம் பையன்கள். என் கணக்கில், மனு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு உட்காருவது நல்லது. வாட்ஸ்ஆப் குரூப்பில் "அணை உடைஞ்சிடுச்சு" என்று வாய்ஸ் நோட் வந்தால் 1077-க்குக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பெரிய ஆபத்து தற்காலிகப் பாதைதான். குழாய் பதித்து மண் கொட்டிவிடுவார்கள், பஸ் ஓடும், கூட்டம் கலைந்துவிடும், அடுத்த மழைக்கு அந்த மண்ணும் போகும். தண்ணீர் எந்த மட்டம் வந்தால் பாதையை மூடுவது, இரவில் மூடுவது யார் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். அடுத்து வரும் கிராம சபையில் இதையும் புதுப் பாலத்தையும் தீர்மானமாக வையுங்கள். கைதட்டிவிட்டுக் கலையாமல் தீர்மான நோட்டை வாங்கி வாசியுங்கள், நீங்கள் சொன்னது சொன்னபடி இருக்கிறதா என்று. கடைசி வரிக்குக் கீழே காலி இடம் இருந்தால் ஒரு கோடு இழுத்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.