வர்றது நீங்கதானா? போட்டோகிராஃபர்கள் ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு வருஷத்துக்கு முன்னால் காரைக்குடியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மகளுக்குக் கல்யாணம். என் வெப்சைட்டில் இருந்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டார், ரேட்டும் ஒத்துவந்துவிட்டது. கடைசியாக ஒரே ஒரு கேள்வி: “எல்லாம் சரி தம்பி, வர்றது நீங்கதானா, இல்ல வேற யாரையாவது அனுப்புவீங்களா?” நான்தான் வருவேன் என்றேன். “அப்ப நீங்க யாருன்னு அதுல ஒண்ணுமே போடலையே?” என்றார். போட்டிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டு, போனை வைத்ததும் போய்ப் பார்த்தேன். ‘ஒளியாலும் நிழலாலும் தருணங்களைச் செதுக்கும் கலைஞன்’ என்று ஆரம்பித்து ஆறு வரி. என் பெயர் இல்லை, ஸ்டூடியோ பெயர்தான் இருந்தது. ஊர் இல்லை. பக்கத்தில் ஒரு போட்டோ, அதில் கேமராவை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அதிலிருந்து கல்யாண போட்டோகிராஃபர்களின் ‘என்னைப் பற்றி’ பக்கங்களைத் தேடித்தேடிப் படிக்கிற வியாதி வந்துவிட்டது. நண்பர்கள் சிலருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன். நான் பார்த்தவரைக்கும் முக்கால்வாசித் தவறுகளுக்கு ஒரே காரணம்தான்: அதை யார் படிக்கிறார்கள் என்று யோசிக்காமல் எழுதுவது. இன்னொரு போட்டோகிராஃபர் படிக்கப்போவதில்லை. படங்கள் பிடித்துப்போன ஒரு குடும்பம், இந்த ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா, வீட்டுக்குள் விடலாமா என்று யோசிக்கிற நேரத்தில் படிக்கிறது. பெண்ணுக்கு அலங்காரம் நடக்கிற அறைக்குள் விடியற்காலை நாலு மணிக்கு நுழையப்போகிற ஆள் நாம். நகைப்பெட்டி, சீர்வரிசை, ஓரமாக உட்கார்ந்து அழுகிற பாட்டி, யார் மீதோ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிற சித்தப்பா, எல்லாம் நம் கண்ணெதிரேதான் நடக்கும். யார் வரப்போவது என்று தெரிந்துகொள்ள அவர்கள் ஆசைப்படுவதில் என்ன தப்பு?

அதனால் முதலில் முகம். ஊரெல்லாம் முகத்தைப் படம் பிடிக்கிற நாம், நம் முகத்தை மட்டும் காட்ட மாட்டோம். கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற படம், சூரியன் மறைகிற நேரத்தில் மலையுச்சியில் முதுகைக் காட்டி நிற்கிற நிழல் படம், இல்லாவிட்டால் கறுப்புக் கண்ணாடி. மண்டப வாசலில் நம்மை அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு படம் போதும். சமீபத்தில் எடுத்ததாக இருக்கட்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய, முடி நிறைய இருக்கிற படத்தைப் போட்டுவிட்டு நேரில் போய் நின்றால், வந்தது தம்பியா அண்ணனா என்று கேட்பார்கள். செல்ஃபி வேண்டாம், கூட வேலை செய்கிற பையனை எடுக்கச் சொல்லுங்கள். போனில் எடுத்த படமென்றால் அதற்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை பதிவாகியிருக்கலாம். வீட்டில் எடுத்திருந்தால் வீட்டு விலாசத்தையே சேர்த்துக் கொடுத்தது போலத்தான். எக்ஸ்போர்ட் செய்யும்போது லொக்கேஷனை நீக்கிவிடுங்கள்.

அடுத்தது அந்த ஆறு வரி. ‘தருணங்களை உறைய வைக்கிறேன்’, ‘உங்கள் கனவுகளுக்கு உயிர் கொடுக்கிறேன்’, ‘சிறு வயதிலிருந்தே கேமரா மீது தீராக் காதல்’. இவை பொய் இல்லைதான், ஆனால் உங்கள் பெயரை எடுத்துவிட்டு எதிர்த்தெரு ஸ்டூடியோக்காரர் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். அதுதான் சோதனையே. இன்னொருத்தர் பெயருக்கும் பொருந்துகிற வரி என்றால் அடித்துவிடுங்கள். நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடிக்கவும் செய்கிறார்கள். ஒரு பக்கத்தில் முதல் பத்தியில் ஒரு ஸ்டூடியோ பெயரும் மூன்றாவது பத்தியில் வேறொரு ஸ்டூடியோ பெயரும் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மாற்ற மறந்துவிட்டார், பாவம்.

அப்படியென்றால் என்னதான் எழுதுவது என்று திண்டுக்கல்லில் இருக்கிற நண்பர் கேட்டார். அவர் பக்கத்திலும் ‘தருணங்கள்’தான் நிறைந்து கிடந்தன. நான் எழுதுவதைப் பற்றிப் பேசாமல், தாலி கட்டுகிற நேரத்தில் நீ என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். கெட்டிமேளம் சத்தம் கேட்டதும் கீழே இருக்கிறவர்களெல்லாம் அட்சதையோடு எழுந்து நின்றுவிடுவார்கள், பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடிப்பார்கள், மாப்பிள்ளைக்குப் பின்னாலிருந்து அவர் அக்கா மூன்றாவது முடிச்சுப் போடக் கையை நீட்டுவார், பெண்ணின் முகம் மறைந்துவிடும். அதனால் முந்தின நாள் ராத்திரியே ஐயரிடம் போய், ‘மாங்கல்யத்தைக் கையில் எடுத்ததும் ஒரு தடவை என்னைப் பார்த்துவிடுங்கள் சாமி’ என்று சொல்லிவைப்பாராம். மேடையில் எந்தப் பக்கம் நிற்பது, அகல லென்ஸில் ஒருத்தர், தூரத்திலிருந்து ஒருத்தர் என்று ஆள் பிரிப்பது எல்லாமே ராத்திரியே முடிவாகிவிடும். இதை அப்படியே ஐந்து வரியாக எழுது என்றேன். “இதெல்லாம் எல்லாரும் பண்றதுதானே?” என்றார். எல்லாரும் பண்ணலாம், யாரும் எழுதவில்லையே. இப்போது அவர் பக்கத்தைப் படிக்கிற எந்த அப்பாவுக்கும், இந்தப் பையனுக்குக் கல்யாண வீடு என்றால் என்னவென்று தெரியும் என்பது புரிந்துவிடும்.

உபகரணப் பட்டியல் தனிக் கதை. இரண்டு பாடி, ஐந்து லென்ஸ், ஃபிளாஷ், கிம்பல் என்று மாடல் நம்பரோடு எழுதி வைப்பார்கள். பெண்ணின் அப்பாவுக்கு 85 எம்எம் என்றால் என்ன, 50 எம்எம் என்றால் என்ன? கருவியைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு கதை இருந்தால் மட்டும் சொல்லுங்கள். சென்னையில் வாழ்ந்த காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர்) வெவ்வேறு பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே உருவாக்கிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரே வைத்திருந்தார். அது எழுத வேண்டிய கேமரா. கடையில் இஎம்ஐ போட்டு வாங்கியதற்கு அந்த மரியாதை தேவையில்லை. வீட்டுக்காரர்களுக்குக் கவலை வேறு: படம் தொலைந்துபோனால்? ‘இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும், மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு ஹார்ட்டிஸ்கில் காப்பி எடுத்துவிடுவேன்’ என்ற ஒரு வரி, அந்தப் பட்டியல் முழுவதையும் விட மேல். அப்படிச் செய்கிறவராக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

ட்ரோன் விஷயமும் இங்கேயே வந்துவிடுகிறது. ‘ட்ரோன் வசதி உண்டு’ என்று எல்லாரும் போடுகிறார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். உங்களிடமோ கூட வருகிறவரிடமோ அது இருந்தால் அந்த விவரத்தைப் போடுங்கள். படித்த மாப்பிள்ளைகள் இப்போதெல்லாம் கேட்கிறார்கள்.

விருதுகளுக்கு வருவோம். பெயருக்குப் பின்னால் ஏஎஃப்ஐஏபி, ஏஆர்பிஎஸ் என்று போட்டுக்கொள்கிறவர்கள் உழைத்து வாங்கியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வெளியாள் அதைப் பார்த்தால் ஏதோ டிகிரி என்றுதான் நினைப்பார். ஏஎஃப்ஐஏபி என்றால் சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு தருகிற பட்டம், ஏஆர்பிஎஸ் என்றால் பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி தருகிற பட்டம் என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. மற்றபடி பதினைந்து கோப்பைகளை அடுக்குவதை விட, மனதில் நிற்கிற ஒரு தகவல் போதும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலாவின் புனைபெயர் ‘டால்டா 13’. பிறந்தது 1913, கணவரை முதலில் சந்தித்தது 13 வயதில், முதல் காரின் நம்பர் டிஎல்டி 13; அந்த டிஎல்டிதான் டால்டா ஆனது. அவருக்கு 2011-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். ஆனால் ஒருமுறை கேட்டவர்களுக்கு விருதைவிட அந்த டால்டாதான் ஞாபகத்தில் இருக்கும். அவர் எடுத்த ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன என்பதையும் சொல்ல வேண்டும். எடுத்தவர் பெயர் எவ்வளவு சுலபமாகக் காணாமல் போகும் என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும். நாமோ நம் சொந்த வெப்சைட்டிலேயே நம் பெயரைப் போடாமல் விடுகிறோம்.

‘நாங்கள்’ என்று எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒற்றை ஆளாக வேலை பார்த்துக்கொண்டு, பெரிய கம்பெனி மாதிரி தெரியட்டும் என்று ‘எங்கள் குழு’, ‘எங்கள் நிபுணர்கள்’ என்று எழுதுவது. அதற்கு நேர்மாறாகத் தன் முகத்தையும் கதையையும் போட்டு புக்கிங் எடுத்துவிட்டு, முகூர்த்தத்தன்று முன்பின் தெரியாத ஃப்ரீலான்ஸ் பையனை அனுப்புவது. இரண்டாவதுதான் பெரிய துரோகம். ஒரே நாளில் மூன்று கல்யாணம் பிடிக்கிற வைகாசி மாசத்தில் இது சகஜமாக நடக்கிறது. ஆள் அனுப்புகிறவரென்றால் அதைப் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், அனுப்பப்போகிறவர்களின் பெயரையும் படத்தையும் போடுங்கள். குழுவில் பெண் போட்டோகிராஃபர் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அலங்கார அறைக்குப் பெண்தான் வர வேண்டும் என்று நிறைய வீடுகளில் நினைக்கிறார்கள், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

‘10 வருட அனுபவம்’ என்று எழுதினால் அது வருஷா வருஷம் பத்தாகவே இருக்கும். ‘2014 முதல்’ என்று எழுதுங்கள், தானாக வளரும்.

கொஞ்சம் தொழில்நுட்பம். ஆல்பம் டிசைனர் போட்டோஷாப்பில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்த தமிழை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால், படிக்கிறவருக்கு ஆங்கில எழுத்தும் கமாவும் கலந்த ஏதோ மந்திரம்தான் தெரியும். பாமினி யூனிகோட் (எல்லா போனும் கம்ப்யூட்டரும் படிக்கிற பொதுவான எழுத்துமுறை) இல்லை. மாற்றித் தருகிற கன்வெர்ட்டர்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றிவிட்டு ஒற்றெழுத்து எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று ஒரு தடவை சரிபாருங்கள். சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எழுத்தையெல்லாம் ஃபிளக்ஸ் பேனர் மாதிரி ஒரே ஜேபெக் படமாக ஏற்றிவிடுகிறார்கள். போனில் அது எறும்பு சைஸில் தெரியும், ‘கும்பகோணம் கல்யாண போட்டோகிராஃபர்’ என்று தேடுகிறவருக்கும் நீங்கள் சிக்குவது கஷ்டம். பேனர் படத்தை 20 எம்பியில் ஏற்றுவதும் அப்படித்தான். நீளப் பக்கம் 2000 பிக்ஸல் இருந்தால் தாராளம்.

அந்தப் பேனர் படம் யாருடையது என்பதும் முக்கியம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக எடுத்துக் கொடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவன் நானே, என் படம்தானே என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புக்கிங் படிவத்திலேயே ‘வெப்சைட்டில் பயன்படுத்தச் சம்மதம்’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், மணமக்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

இன்ஸ்டாகிராம் இருக்கும்போது இந்தப் பக்கமெல்லாம் எதற்கு என்பார்கள். அங்கே பயோவுக்கு 150 எழுத்துகள்தான் இடம், தமிழில் எழுதினால் இரண்டு வரியில் தீர்ந்துபோகும். ஐயரிடம் முந்தின நாள் சொல்லிவைக்கிற கதையை அதற்குள் எப்படி அடக்குவது?

நம்பரை மறப்பது கடைசித் தவறு, சிரிப்பாக இருந்தாலும் நிறையப் பேர் செய்வது. முழுசாகப் படித்து, மனசுக்குப் பிடித்து, கூப்பிடலாம் என்று நினைக்கிற இடத்தில் நம்பர் இருக்காது. வேறு பக்கத்துக்குப் போய் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லும். என் பக்கத்தின் கடைசி வரி இப்போது இதுதான்: ‘முகூர்த்த நாட்களில் மதியம் இரண்டு மணிவரை போன் எடுக்க மாட்டேன், தேதியையும் ஊரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள், சாயங்காலம் கூப்பிடுகிறேன்.’ கீழே நம்பர். போன மாசம் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “அப்ப எங்க வீட்டுக் கல்யாணத்தன்னிக்கும் போன எடுக்க மாட்டீங்கல்ல?” என்று கேட்டார். மாட்டேன் என்றேன். சாயங்காலமே அட்வான்ஸ் வந்துவிட்டது.