மூளைக் கட்டியின் டிஎன்ஏ ரிப்போர்ட்டில் ஆயுளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளியோபிளாஸ்டோமா என்ற கடுமையான மூளைப் புற்று என்று உறுதியானதும் வீட்டில் எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான்: இன்னும் எத்தனை மாதம்? கட்டியின் டிஎன்ஏ ரிப்போர்ட் வந்தால் பதில் அதில் எழுதியிருக்கும் என்று நம்பிக் காத்திருப்பார்கள்.

2005-இல் வெளியான பெரிய ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் எடுத்துக்கொண்டவர்களின் இடைநிலை ஆயுள் 14.6 மாதம். பாதிப் பேர் அதற்குள் இறந்தார்கள், மீதிப் பேர் அதைத் தாண்டினார்கள். 26.5 சதவீதம் பேர் 2 ஆண்டுக்குப் பிறகும் இருந்தார்கள். தயவுசெய்து அந்த 14.6-ஐ யாருக்கும் கெடுவாக வைக்காதீர்கள்.

அதிகம் குழப்புவது எம்ஜிஎம்டி வரி. டெமோசோலமைடு புற்றுச் செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். எம்ஜிஎம்டி புரதம் அதைச் சரிசெய்துவிடும். அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டியிருந்தால் (இதுதான் மெத்திலேஷன்) புரதம் குறையும், மருந்து நன்றாகக் கேட்கும். அதே ஆய்வில் மெத்திலேஷன் இருந்தவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் என்றால் 15.3 மாதம், மாத்திரையும் சேர்ந்தால் 21.7. இல்லாதவர்களுக்கு 11.8, 12.7. ஆக, இந்த வரி முக்கியமாகச் சொல்வது மருந்து எவ்வளவு கேட்கும் என்பதை. அதை ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் படிப்பதும் சரியல்ல. முறையும் எல்லைக்கோடும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். இடைப்பட்ட அளவு வந்தால் மருத்துவரிடம் சதவீதத்தையே கேளுங்கள்.

அப்புறம் ஐடிஎச் என்ற மரபணு. 2021-இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, ஐடிஎச் மாற்றம் உள்ள கட்டிக்கு கிளியோபிளாஸ்டோமா என்ற பெயரே கிடையாது. அந்த மாற்றம் உள்ளவர்கள் பொதுவாக அதிக காலம் வாழ்வதால், இரண்டையும் கலந்த பழைய ஆய்வுகளின் எண்களை இன்றைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். சாதாரணச் சாயப் பரிசோதனை ஆர்132எச் என்ற ஒரு மாற்றத்தை மட்டும்தான் பிடிக்கும். 55 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு அது ‘இல்லை’ என்று வந்தால் டிஎன்ஏ வரிசைப் பரிசோதனையும் தேவை.

எடுத்த துண்டில் புற்றுச் செல் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். கட்டியின் ஓரத்திலிருந்து எடுத்த திசுவில் நல்ல செல்கள் அதிகம் இருந்தால், இருக்கிற மாற்றமும் தெரியாமல் போகலாம்.

இந்தத் தரவை வைத்து ஆயுளைக் கணிக்கும் கணினி மாதிரி (மாடல்) உருவாக்குபவர்களுக்கும் ஒன்று. எந்த நோயாளிகளை வைத்து மாதிரியைப் பழக்கினீர்களோ அவர்களிடமே சோதித்தால் அது அபாரமாகத்தான் தெரியும். அதைவிட மோசம், ஆய்வு முடியும்போது உயிரோடு இருப்பவர்களை ‘முடிவு தெரியாதவர்கள்’ என்று நீக்குவது. ‘30 மாதம் கடந்தும் இருக்கிறார்’ என்பதும் தரவுதான். அதைத் தூக்கிவிட்டால் நீண்ட நாள் வாழ்ந்தவர்கள்தான் கணக்கிலிருந்து முதலில் காணாமல் போவார்கள்.