ஃபயர்வால் டைம்அவுட்: இணையத் தொலைபேசிக்கும் விபிஎன்னுக்கும் எவ்வளவு வைக்கலாம்?

வெளியே அழைத்தால் பேச முடிகிறது. உள்ளே வரும் அழைப்புக்கு மட்டும் மணி அடிப்பதில்லை. ஒருமுறை வெளியே அழைத்துப் பேசினால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் சரியாக இருக்கும். இப்படி நடந்தால் முதலில் ஃபயர்வாலின் யூடிபி டைம்அவுட்டைப் பாருங்கள். யூடிபி என்பது இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் முறை; போக்குவரத்து நின்றபின் அதன் பதிவை ஃபயர்வால் எத்தனை விநாடி வைத்திருக்கும் என்பதே டைம்அவுட்.

லினக்ஸில் இதன் இயல்பு மதிப்பு, பதில் வராத யூடிபிக்கு 30 விநாடி. புதிய கெர்னல்களில் இருபுறமும் போய்வரும் யூடிபிக்கு 120 விநாடி. பல சிப் (SIP) ஃபோன்கள், அதாவது இணையத் தொலைபேசிகள், 3600 விநாடிக்கு ஒருமுறைதான் சர்வரில் ரிஜிஸ்டர் ஆகின்றன. நடுவில் நாட் பதிவு (உள் முகவரியை வெளி முகவரியோடு இணைக்கும் குறிப்பு) அழிந்துவிட்டால், சர்வர் அனுப்பும் அழைப்பு ஃபோனுக்கு வந்து சேர வழியில்லை.

சிப் பயன்படுத்தும் 5060 போர்ட்டுக்கு 300 விநாடி வையுங்கள். ஃபோனின் நாட் கீப்அலைவை (பதிவு அழியாமலிருக்க அனுப்பும் சிறு பாக்கெட்) 25 முதல் 30 விநாடிக்குள் வையுங்கள். இரண்டில் முக்கியமானது கீப்அலைவ்தான்: வழியில் இன்னொரு நாட் இருந்தால் அதன் டைம்அவுட் உங்கள் கையில் இல்லை. கீப்அலைவ் ஃபோனிலிருந்தே கிளம்ப வேண்டும். வெளியே போகும் பாக்கெட்டுக்கு மட்டுமே நேரத்தைப் புதுப்பிக்கும் ஃபயர்வால்களும் உண்டு. ஹோல்டில் வைத்து எடுத்ததும் குரல் ஒருபக்கம் போய்விட்டால், குரலைச் சுமக்கும் ஆர்டிபி போர்ட்டுகளுக்கும் அதே 300 விநாடி கொடுத்துப் பாருங்கள்.

மொத்த யூடிபிக்கும் டைம்அவுட்டைக் கூட்டிவிடாதீர்கள். தளப்பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளும் பெரும்பாலும் யூடிபிதான். வேலை முடிந்த பதிவுகள் தேங்கி அட்டவணை நிரம்பினால் புதிய இணைப்புகள் வெட்டுப்படும். லினக்ஸ் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் போர்ட்டுக்கென்று தனி டைம்அவுட் பாலிசி எழுதலாம்.

விபிஎன்னில், வயர்கார்ட் என்ற வகை பேச எதுவும் இல்லாவிட்டால் மௌனமாகிவிடும். நாட்டுக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 விநாடி போதும். இன்னொரு விபிஎன் வகையான ஐபிசெக் நாட் வழியே போனால் 4500 யூடிபி போர்ட்டில் ஓடும். அதன் கீப்அலைவ் வழக்கமாக 20 விநாடி, அதை அணைத்துவிடாதீர்கள்.

இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபியில் சிக்கல் வேறு மாதிரி. பல இயங்குதளங்களில் முதல் டிசிபி கீப்அலைவ் 7200 விநாடி கழித்தே கிளம்பும். ஃபயர்வால் 3600 விநாடியில் பதிவை அழித்துவிட்டால், விபிஎன் டன்னலுக்குள் திறந்து வைத்த எஸ்எஸ்எச் (தொலைக் கணினியை இயக்கும் இணைப்பு) அப்படியே உறைந்து நிற்கும். டைம்அவுட்டை 7440 விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். முடியாத இடத்தில் எஸ்எஸ்எச்சிலேயே 60 விநாடிக்கு ஒரு கீப்அலைவ் போடுங்கள்.

மாற்றியபின், லினக்ஸில் இணைப்புப் பதிவுகளைக் காட்டும் கான்ட்ராக் கருவியில் 5060 பதிவுகளைப் பட்டியலிட்டால் மீதி விநாடிகள் தெரியும். ஒவ்வொரு கீப்அலைவுக்கும் அந்த எண் மறுபடி 300க்கு ஏற வேண்டும். ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் கீப்அலைவ் ஃபயர்வாலை எட்டவில்லை. ஃபோன் அமைப்பைத் திறந்து பாருங்கள்.